கேட்பவரின் பெயர் எதற்கு?

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில் ஒரு லைன் வீட்டை எண்ணிப் பார்க்கலாம். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது வேலையிழந்த முதியவர் ஒருவர் அங்கே வாழ்கிறார். அவருடைய மகன், அந்நகரத்தின் பல்லாயிரவரைப் போல, இருள் பிரியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இருட்டிய பின் வீடு திரும்புகிறவர். சென்னை நிலையமும் திருச்சி நிலையமும் தந்தையின் செவிக்குத் தெளிவாக எட்டட்டும் என்று இணைய வானொலி ஒன்றை வாங்கி வருகிறார். பெட்டியைப் பிரித்து மின்னிணைப்புக் கொடுத்தவுடன் கருவி பாடுவதில்லை. கைப்பேசியில் செயலியை இறக்கு என்கிறது, மின்னஞ்சல் கேட்கிறது, பிறந்த நாள் கேட்கிறது, கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்கிறது. முதியவருக்கு மின்னஞ்சல் இல்லை. மகன் தன் பெயரில் கணக்குத் தொடங்கிக் கொடுக்கிறார். சில மாதங்களுக்குப் பின், வேறு ஏதோ காரணத்துக்காக மகன் கடவுச்சொல்லை மாற்றுகிறார். அன்று காலை கருவி ஆங்கிலத்தில் எதையோ சொல்லிவிட்டு வாயடைத்துக்கொள்கிறது. மகன் அப்போது ரயிலில் இருக்கிறார். முதியவர் கருவியை அணைத்துப் போடுகிறார், மறுபடி அணைத்துப் போடுகிறார்; பிறகு விட்டுவிடுகிறார்.

இதைச் சொன்னால், 'இரண்டு நிமிட வேலைதானே, இதற்கா இத்தனை பேச்சு?' என்று கேட்பவர்கள் உண்டு. மின்னஞ்சல் முகவரியை மூச்சுக்காற்றைப் போலத் தன்னுடன் வைத்திருப்பவருக்கு அது இரண்டு நிமிடம்தான். இல்லாதவருக்கு அது பூட்டிய கதவு. ஆனால் நேரக்கணக்கு இந்த வாதத்தின் மையமன்று. இரண்டே நொடிகளில் முடிவதாயினும், வானொலி கேட்பதற்கு முன்நிபந்தனையாகக் கேட்பவரின் அடையாளத்தைக் கோரும் உரிமை ஒரு கருவிக்குக் கிடையாது என்பதே இங்கே நிறுவப்பட வேண்டியது. கணக்கு வேண்டுவோர் பிறகு தொடங்கிக்கொள்ளட்டும். கணக்கில்லாமல் முதல் ஒலி வெளிவராது என்பதுதான் தவறு.

தங்கவயலுக்கு இது சொகுசுப் பிரச்சினை அன்று. கர்நாடக எல்லைக்குள் தமிழ் பேசி வாழும் இந்நகரத்தின் பெரும்பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கங்களை நடத்தத் தொடங்கிய பின், வடஆர்க்காடு முதலான தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளரின், அவர்களுள்ளும் பெரும்பாலும் தலித் மக்களின், வழித்தோன்றல்கள். மாநில எல்லை இவர்களை ஒரு பக்கமும் இவர்களுடைய மொழியின் ஒலிபரப்பை மறுபக்கமும் வைத்தது. நடுத்தர அலை அந்த எல்லையை மதிக்கவில்லை. 1938இல் தொடங்கிய சென்னை நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸும், 1939இல் தொடங்கிய திருச்சி நிலையத்தின் 936 கிலோஹெர்ட்ஸும், இரவானால் மேலடுக்கு வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பித் தொலைதூரங்களை எட்டும். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்போ கடலையே தாண்டியது. மயில்வாகனத்தின் குரலையும் பின்னாளில் கே.எஸ்.ராஜாவின் குரலையும் கேட்டவர்கள் இத்தனை பேர், இன்ன ஊரினர் என்று கொழும்பில் எவருக்கும் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பண்பலை வந்து ஒலியைத் தெளிவாக்கியது. எட்டும் தூரத்தைச் சுருக்கியது. சென்னைப் பண்பலையின் கோபுரத்துக்கும் தங்கவயலுக்கும் இடையே இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலமும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் குன்றுகளும் கிடக்கின்றன. நடுத்தர அலையோ வீட்டு மின்விளக்குகளும் மின்னேற்றிகளும் எழுப்பும் இரைச்சலில் நாளுக்கு நாள் மூழ்குகிறது. ஆக, வாசற்படியில் அமர்ந்து தன் மொழியைக் கேட்க விரும்பும் முதியவருக்கு எஞ்சியிருப்பது இணையம்தான். எஞ்சிய ஒரே வழியில் சுங்கச்சாவடி வைக்கப்படும்போது அதனைப் 'பயனர் வசதி' என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் அநீதி.

அந்தச் சாவடிக்குத் தொழில்நுட்பத் தேவை உண்டா என்று பார்க்க வேண்டும். இணைய வானொலி என்பது அடிப்படையில் எளிய பொருள். ஒவ்வொரு நிலையத்தின் ஒலியோடைக்கும் ஓர் இணைய முகவரி உண்டு. கருவி அந்த முகவரியைத் தட்டுகிறது. மறுமுனையில் உள்ள வழங்கி ஒலியை அனுப்புகிறது. அதற்குத் தேவையானது கருவியின் இணைய எண் மட்டுமே. அது இணைப்பிலேயே இருக்கிறது. ஆயிரக்கணக்கான முகவரிகளை மனிதர் நினைவில் வைக்க இயலாதாகையால், நிலையங்களின் அட்டவணை ஒன்று வேண்டும். தொலைபேசி அட்டவணையைப் புரட்டுவதற்கு எவரும் பெயர் கொடுத்ததில்லை. ரேடியோ பிரவுசர் என்ற தன்னார்வலர் அட்டவணை, எந்தக் கணக்கும் கேட்காமல் உலகின் பல்லாயிரம் நிலையங்களின் முகவரிகளைத் தந்துகொண்டிருக்கிறது. விருப்ப நிலையங்களைக் கருவியின் நினைவகத்திலேயே சேமிக்கலாம். கார் வானொலிகள் பல்லாண்டுகளாகச் செய்துவருவது அதைத்தான். மென்பொருளின் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குத் தேவையானது கருவியின் மாதிரி எண். கருவிக்கு முன்னால் அமர்ந்திருப்பவரின் பிறந்த நாள் அன்று.

நிறுவனங்களின் பக்கத்தில் நேர்மையான வாதம் ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. அட்டவணையைப் பராமரிக்கச் செலவாகும். நிலையங்கள் முகவரி மாற்றுகின்றன, மூடப்படுகின்றன, புதியன பிறக்கின்றன. கருவியை ஒருமுறை விற்ற காசில் அந்தச் செலவை என்றென்றைக்கும் தாங்க இயலாது. இது உண்மை. ஆனால் இந்த உண்மை கேட்கச் சொல்வது பணத்தை, பெயரை அன்று. ஆண்டுக்கு இத்தனை ரூபாய் என்று வெளிப்படையாக விலை சொல்லட்டும். வாங்குபவர் கணக்குப் பார்த்து முடிவெடுப்பார். செலவுக்குப் பணம் கேட்காமல் பெயரையும் கேட்கும் பழக்கத்தையும் வாங்கிக்கொள்வதென்றால், விலை எங்கோ வேறிடத்தில் வசூலாகிறது என்றே பொருள்.

வானொலி கேட்க இந்நாட்டில் ஒருகாலத்தில் பதிவு கட்டாயமாகவே இருந்தது. 1928 முதல், வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் உரிமம் பெற வேண்டும். அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்க வேண்டும். பின்னாளில் கட்டணம் 15 ரூபாய். உரிமமின்றிப் பெட்டி வைத்திருப்பது குற்றம். வீட்டுப் பரணில் பழைய உரிமப் புத்தகங்களை இன்றும் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. 1984இல் அரசு இந்த முறையைக் கைவிட்டது. பிரிட்டனில் வானொலிக்கான தனி உரிமம் 1971லேயே ஒழிந்துவிட்டிருந்தது. வசூலிக்கும் செலவும் ஏய்ப்பும் இதற்குக் காரணங்கள். சுதந்திர வேட்கை என்று மிகைப்படுத்தத் தேவையில்லை. எப்படியாயினும், கேட்பவர் பட்டியலில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது. அரசு இறக்கி வைத்த அந்தச் சுமையைத்தான் இப்போது தனியார் கருவிகள் சத்தமில்லாமல் மக்களின் தோளில் மீண்டும் ஏற்றுகின்றன.

இரண்டையும் ஒப்பிட்டால் பழைய உரிமமே மேல் என்று தோன்றுவது வேடிக்கை. அஞ்சலகப் புத்தகத்துக்குச் சட்டம் இருந்தது, கட்டணம் அச்சிடப்பட்டிருந்தது, எந்த வீட்டில் பெட்டி இருக்கிறது என்பதை அது அறியும், அந்தப் பெட்டியில் இரவு பத்து மணிக்கு எந்த நிலையம் ஒலித்தது என்பதை அறியாது. இன்றைய கணக்கு அதையும் அறியும்: எப்போது திறந்தார், எதைக் கேட்டார், எந்த நிமிடத்தில் அலுத்து மாற்றினார் என்பது வரை.

தமிழ் ஒலிபரப்பு, கேட்பவருக்கு வைத்த பெயர் 'நேயர்'. நேயம் உடையவர் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் வெறுமனே 'கேட்பவர்' என்றிருப்பதைத் தமிழ் வானொலி அன்பின் சொல்லாக மாற்றிக்கொண்டது. கருவியின் கணக்குப் பக்கத்தில் அவர் 'பயனர்' ஆகிறார்; பயன்படுத்துபவர் என்று பொருள் கொண்டாலும், இங்கே எவர் எவரைப் பயன்படுத்துகிறார் என்பது விவாதத்துக்குரியது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தமிழில் இடைமுகம் தருவதாகச் சொல்லும் செயலிகள் பலவற்றில் பொத்தான்கள் 'உள்நுழை', 'பதிவுசெய்' என்றே இருக்கும். வினையடியைத்தான் எழுதியிருக்கிறோம், ஏவல் அன்று என்று மொழிபெயர்ப்பாளர் விளக்கம் தரலாம். இலக்கணப்படி அது தவறுமன்று. எழுபது வயதுச் சுரங்கத் தொழிலாளியின் காதில் அது 'நீ உள்ளே நுழை' என்றே விழும். 'வணக்கம் நேயர்களே' என்று வாழ்நாள் முழுவதும் கேட்டவர் அவர்.

'நேயர் விருப்பம் நிகழ்ச்சியில் மக்கள் தாமாகவே பெயரும் ஊரும் எழுதி அனுப்பினார்களே, அப்போது கசக்காத பதிவு இப்போது ஏன் கசக்கிறது?' என்று மடக்கலாம். நல்ல கேள்விதான். அஞ்சலட்டை எழுதியவர் தன் பெயர் ஒலிக்க வேண்டும் என்று விரும்பி எழுதினார். விரும்பாதவரும் அதே பாட்டைக் கேட்டார். அட்டை அனுப்பாத வீட்டில் வானொலி ஊமையாகிவிடவில்லை. விரும்பித் தருவதற்கும், தந்தால்தான் பேசுவேன் என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அடுத்து வருவது சற்றுக் கனமான செய்தி. தங்கவயலில் ஒருவர் கேட்கும் நிலையங்களின் பட்டியல், வேறொன்றுமில்லை, அவருடைய மொழியின் பதிவேடு. பெயர், முகவரி, கைப்பேசி எண், நாள்தோறும் தமிழ் நிலையம்: இந்த நான்கும் ஒரே வரிசையில் அமர்ந்தால் அது ஒரு மொழிச் சிறுபான்மையினரின் கணக்கெடுப்பு. இந்திய அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழியைக் கேட்கிறது. ஆனால் 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அந்தத் தாள்களை எவரும் பார்வையிடலாகாது, நீதிமன்றத்தில் சான்றாகவும் கொள்ளலாகாது என்று வேலி கட்டியிருக்கிறது. மொழியைக் கேட்கும் அரசுக்கே அத்தனை வேலி. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பையொட்டிப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டதை நினைவில் வைத்திருக்கும் வீடுகள் தங்கவயலில் உண்டு. 1983 ஜூலையில் கொழும்பில், தமிழர் வீடுகளை அடையாளம் காண வன்முறையாளர்கள் வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்திருந்தனர். அந்தப் பட்டியல்களைத் தயாரித்தவர்கள் தேர்தலுக்காகத்தான் தயாரித்தார்கள். வானொலி நிறுவனமும் கலவரக் கும்பலும் ஒன்று என்று இதற்குப் பொருளன்று. அப்படிச் சொல்வது மடமை. ஒரு பட்டியல் எதற்காக உருவானதோ அதற்கு மட்டுமே பயன்படும் என்ற உறுதியை எவராலும் தர முடியாது என்பதுதான் செய்தி. உருவாகாத பட்டியலுக்கு அந்த உறுதி தேவைப்படாது.

பதிவு என்ற சொல்லுக்குத் தங்கவயலிலேயே ஒரு வரலாறு உண்டு. 1930இல் அங்கே நடந்த பெரும் வேலைநிறுத்தம், தொழிலாளரின் கைரேகையைப் பதிந்துகொள்ளும் திட்டத்துக்கு எதிராக எழுந்தது. அதைப் பற்றி வரலாற்றாய்வாளர் ஜானகி நாயர் விரிவாக எழுதியிருக்கிறார். எழுத்தறிவற்ற கூலிகள், எதற்கு எங்கள் விரல் என்று கேட்டார்கள். அன்று பணயம் வைக்கப்பட்டது கூலி. இன்று ஒரு பாட்டுதான். தட்டின் எடை ஒன்றல்ல. ஆயினும் தேவையை நிறுவ வேண்டியவர் கேட்கிறவரே, கொடுக்க மறுப்பவர் அல்லர் என்ற அறிவு அந்த மண்ணுக்குப் புதிதன்று.

கட்டாயக் கணக்கின் இன்னொரு விளைவு, கருவியின் ஆயுள் அதன் உரிமையாளரின் கையை விட்டுப் போய்விடுவது. பல நிறுவனங்களின் இணைய வானொலிகளுக்கு அட்டவணை வழங்கிய ரெசிவா சேவை 2021 ஏப்ரலோடு நின்றது; பழுதேதும் இல்லாத பெட்டிகள் நிலையம் தேட இயலாமல் தவித்தன. லாஜிடெக் நிறுவனம் தன் ஸ்குவீஸ்பாக்ஸ் கருவிகளுக்கான இணையச் சேவையை 2024இல் மூடியது. அக்கருவிகள் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் நிறுவனத்தின் கருணையைவிட, வீட்டுக் கணினியிலேயே இயங்கக்கூடிய வழங்கி மென்பொருள் திறந்த மூலமாக இருந்து, தன்னார்வலர்கள் அதைத் தொடர்ந்து பேணியதே. போஸ் நிறுவனம் தன் சவுண்ட்டச் கருவிகளுக்கான மேகச் சேவை 2026இல் முடிவுறும் என்று 2025 அக்டோபரில் அறிவித்தது. சோனோஸ் நிறுவனம் 2017இல் தனியுரிமைக் கொள்கையை மாற்றியபோது, புதிய கொள்கையை ஏற்காதவர்களின் கருவிகள் காலப்போக்கில் செயலிழக்கக்கூடும் என்று தெரிவித்தது. காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்த பெட்டி அது. 1960களின் மர்பி வானொலியை இன்றும் திருகினால் ஏதோ ஒரு நிலையம் முனகும். அதைச் செய்த நிறுவனத்தின் நிலை என்ன என்று அந்தப் பெட்டி கேட்பதில்லை.

முதியோருக்குக் கணக்கில்லாக் கருவி வேண்டும் என்பது கற்பனைத் தேவை அன்று என்பதற்குச் சந்தையே சான்று. 2017இல் சரிகம நிறுவனம் வெளியிட்ட கார்வான் பெட்டி, ஆயிரக்கணக்கான பழைய பாடல்களை உள்ளே வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தினால் பாடியது, பண்பலையும் எடுத்தது. பாடல் கேட்க அது பெயரும் கேட்கவில்லை, கடவுச்சொல்லும் கேட்கவில்லை. தமிழ்ப் பதிப்பும் வந்தது. பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கிக் கொடுத்தனர். பழைய வானொலியின் தோற்றத்தை மட்டுமன்று, அதன் ஒழுக்கத்தையும் அது எடுத்துக்கொண்டது. மறுபுறம், இந்தியாவில் பல வீடுகளில் இணைய வானொலியாகவே பயன்படும் அமேசான் எக்கோவை அமேசான் கணக்கின்றித் தொடங்கவே இயலாது.

சட்டம் என்ன சொல்கிறது? தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்த வழக்கைத் தொடுத்தவர், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி. அதன் தொடர்ச்சியாக வந்த 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இசைவு என்பது சுதந்திரமானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான தரவோடு அந்த இசைவு நின்றுவிடும் என்றும் சொல்கிறது. சட்டமே ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது: தொலை மருத்துவச் செயலி ஒன்று கைப்பேசியின் தொடர்புப் பட்டியலையும் கேட்டு, பயன்படுத்துபவர் சரி என்று சொல்லிவிட்டாலும், மருத்துவத்துக்கு அப்பட்டியல் தேவையில்லையாதலால் அந்த இசைவு செல்லாது. மருத்துவத்துக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை என்றால், திருச்சி நிலையத்தின் நாட்டுப்புறப் பாடலுக்குப் பிறந்த நாள் எதற்குத் தேவை? விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மையான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அவகாசத்தை நிறுவனங்கள் கணக்குப் படிவத்தை நீட்டுவதற்குப் பயன்படுத்தாமல் நீக்குவதற்குப் பயன்படுத்தலாம்.

அவை தாமாகச் செய்யும் என்று காத்திருப்பது வீண். பல மின்னணுக் கருவிகள் இந்தியாவில் விற்கப்படுமுன் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு பெற வேண்டும் என்ற ஆணை 2012 முதல் உள்ளது. விற்பவர் பதிவு செய்துகொள்வது நியாயமானதே. அதே அதிகாரத்தைக் கொண்டு, வானொலி என்ற பெயரில் விற்கப்படும் கருவி வைஃபை கடவுச்சொல்லைத் தவிர வேறெதையும் கேட்காமல் ஒலிக்க வேண்டும் என்றும், நிலையத்தின் முகவரியைக் கையால் இடுவதற்கு வழி இருக்க வேண்டும் என்றும், சேவையை மூடும் நிறுவனம் வேறு அட்டவணையை இணைத்துக்கொள்ளும்படி கருவியைத் திறந்துவிட்டுப் போக வேண்டும் என்றும் விதிக்கலாம். அதுவரைக்குமாவது, 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி பெட்டியின் மேல் விலையும் தயாரிப்பாளர் முகவரியும் அச்சிடப்படும் இடத்தில், இன்னும் ஒரே ஒரு வரி சேர்க்கப்படட்டும்: 'கணக்குத் தொடங்காமல் இக்கருவி இயங்காது.' தமிழிலும் கன்னடத்திலும், விலையின் எழுத்தளவிலேயே. ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்க்கும் மகன், அந்த வரியைப் படித்துவிட்டு அதை அலமாரியிலேயே திருப்பி வைப்பாரா என்பதை நிறுவனங்களும் தெரிந்துகொள்ளட்டும்.